வலப்பக்கத்து இதயம்

காலை பத்து மணிக்குப் புறநோயாளிகள் வரிசை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ரோட்டுக்கே வந்துவிட்டிருந்தது. அந்த வரிசையை ஒதுக்கிக்கொண்டு தபால்காரர் கோவிந்தராசு சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். சணல் கயிறு கட்டி, முடிச்சின்மேல் அரக்கு வைத்த ஒரு பொட்டலத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

“டாக்டரம்மா, உங்க நோட்டு வந்துருச்சு. கையெழுத்துப் போடுங்க.”

ஒரு கிழவரின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி, “இருங்க, வந்துட்டேன்” என்று எழுந்தே விட்டாள். நாக்கை உள்ளே இழுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கிழவர் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.

அது 1978, தை மாதம். மங்கையர்க்கரசிக்கு இருபத்து மூன்று வயது. சுரக்குடியில் நெல் சாகுபடி செய்யும் குடும்பத்தில் அவள்தான் முதல் டாக்டர். ஐந்து வருடப் படிப்பு முடிந்து, ஒரு வருடப் பயிற்சியின் கிராமப்புறப் பகுதிக்காகக் கோட்டுச்சேரிப் பக்கத்தில் இருந்த இந்த முப்பது படுக்கை ஆஸ்பத்திரிக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கல்லூரியில் எந்நேரமும் ஏழு பேராகத் திரிந்தவர்கள், இப்போது ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்தார்கள். இங்கே அவளோடு உட்கார்ந்து ஒரு கேஸைப் பற்றிப் பேசவோ, பெரிய டாக்டரிடம் வாங்கிய திட்டைச் சொல்லிச் சிரிக்கவோ ஆள் கிடையாது.

அதற்காகத்தான் அந்த நோட்டு. யோசனை அந்த ஏழு பேரில் ஒருவனான சோமசேகரனுடையது. இருநூறு பக்க நோட்டு ஒன்று, ஏழு பேர். கையில் கிடைத்தவர் மூன்று நாள் வைத்துக்கொண்டு படிக்கலாம், எழுதலாம். பிறகு பதிவுத் தபாலில் அடுத்தவருக்கு அனுப்பிவிட வேண்டும். ஒரு சுற்று முடிய ஒரு மாதம் ஆகும். ஆனாலும் அந்த நோட்டுக்குள் ஏழு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து அரட்டை அடிப்பது போலத்தான் இருந்தது. முதுகுத்தண்டில் ஊசி ஏற்றத் தெரியாமல் கை நடுங்கிய கதையை ஒருவன் எழுதியிருந்தான். முப்பத்தாறு மணி நேரம் தூங்காமல் நின்றுவிட்டு, கடைசியில் கர்ப்பிணியின் கட்டில் ஓரத்திலேயே தலைசாய்த்துத் தூங்கிப்போனதை ஒருத்தி எழுதியிருந்தாள். தேர்வுக்கு வரும் நோயாளிகளே தங்கள் வியாதியின் ஆங்கிலப் பெயரை மாணவர் காதில் சொல்லிவிட்டு, டீயும் பன்னும் கேட்பதை இன்னொருவன் படம் போட்டுக் காட்டியிருந்தான். ஒருவர் எழுதியதற்கு மற்றவர் ஓரத்தில் பதில் எழுதுவார்கள், பதிலுக்குப் பதில் எழுதுவார்கள்.

யாருடைய கேஸ் அபூர்வமானதோ, அதற்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் நட்சத்திரம் போடுவது வழக்கம். சோமசேகரனுக்கு ஒரு முறை ஆறு நட்சத்திரமும் விழுந்தது. மங்கையர்க்கரசி இரண்டுக்கு மேல் பார்த்ததில்லை. வயிற்றுப்போக்கும் சொறியும் காய்ச்சலும் வரும் ஆஸ்பத்திரியில் நட்சத்திரத்துக்கு எங்கே போவது?

அந்த வாரம்தான் அஞ்சுகம் வந்து சேர்ந்தாள்.

அஞ்சுகம் கோட்டுச்சேரிமேட்டில் மீன் விற்பவள். வயது முப்பதுக்குள்தான். கணவன் மருதையன் கேரளக் கரைக்குத் தொழிலுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. ஐந்து வயது மகள் அல்லியைக் கையில் பிடித்துக்கொண்டு, பத்து நாள் இருமலோடும் கொதிக்கும் காய்ச்சலோடும் நடந்தே வந்திருந்தாள். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. மங்கையர்க்கரசி அவளை ஒன்பதாம் படுக்கையில் சேர்த்து, ஊசி எழுதிவிட்டு, இதயத்தைக் கேட்பதற்காக ஸ்டெத்தாஸ்கோப்பை இடது மார்பின் கீழே வைத்தாள்.

சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. குழாயில் ஓட்டையோ என்று உதறிப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். மூச்சை அடக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, ஏன் என்று அவளுக்கே தெரியாமல், வலப்பக்கம் நகர்த்தினாள். அங்கே லப்-டப், லப்-டப் என்று காதுக்குள்ளேயே இடித்தது.

விரலால் தட்டிப் பார்த்தாள். கல்லீரல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, எதிர்ப்பக்கம் இருந்தது. உடனே எக்ஸ்ரே எழுதினாள். படம் எடுக்கும் மதார் சாகிப் ஈரம் சொட்டும் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“தப்பு நம்ம பேர்ல போலருக்கு டாக்டரம்மா. படத்தத் திருப்பி வச்சுட்டேன். இன்னொண்ணு எடுத்துடறேன்.”

இரண்டாவது படமும் அப்படியே வந்தது. மதார் சாகிப் படத்தையும் அஞ்சுகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இருவத்திரண்டு வருஷமா படம் புடிக்கிறேன். இப்படி ஒண்ணு பாத்ததில்லீங்க” என்றார்.

எல்லா உறுப்புகளும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறிய உடம்பு. பிறவியிலேயே அப்படி. ஆயிரமாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும். அஞ்சுகத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. சளியும் காய்ச்சலும் யாருக்கும் வருவதுபோல வந்தவைதான். மங்கையர்க்கரசி புத்தகத்தைப் புரட்டி இதையெல்லாம் உறுதி செய்துகொண்டாள். பெரிய டாக்டர் திருஞானசம்பந்தம் ரவுண்ட்ஸ் வந்தபோது, ஒன்பதாம் படுக்கை அருகே நின்று ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் விளக்கினாள். அவரும் காது கொடுத்துக் கேட்டார். புருவத்தை உயர்த்தினார். “படத்தப் பத்திரமா வையிம்மா” என்று சொல்லிவிட்டுப் பத்தாம் படுக்கைக்குப் போனார். வெளியே நூற்றைம்பது பேர் காத்திருந்தார்கள்.

இந்த ஐந்து நிமிடமும் அஞ்சுகம் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே நோட்டில் நான்கு பக்கம் எழுதினாள் மங்கையர்க்கரசி. பெயர் அஞ்சுகம், ஊர் கோட்டுச்சேரிமேடு, ஒன்பதாம் படுக்கை, வந்தால் நேரில் கேட்கலாம் என்று எழுதி, எக்ஸ்ரேயைப் பார்த்து ஒரு படமும் வரைந்தாள். அடுத்த முறை சோமசேகரனுடையது. அவன் நாகப்பட்டினம் பக்கத்தில் பயிற்சியில் இருந்தான். நோட்டு கிடைத்த மறுநாளே அவனிடமிருந்து கார்டு வந்தது: ‘ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இன்னும் இரண்டு பேரையும் கூட்டி வருகிறேன். உன் வலது இதயத்தை அனுப்பிவிடாதே!’

இதற்குள் அஞ்சுகத்துக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. இருமலும் அடங்கிவிட்டது. வியாழக்கிழமையே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். “வூட்டுக்குப் போலாங்களா டாக்டரம்மா? பொழப்பு கெடக்கு” என்று அவளே கேட்டாள்.

“திங்கக்கிழமை வரைக்கும் இரும்மா. கொஞ்சம் பாக்கணும்.”

“எதப் பாக்கணுங்க?”

“ஒண்ணுமில்ல, சும்மாதான்” என்று சொல்லிவிட்டு மங்கையர்க்கரசி நகர்ந்தாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கல்லூரியில் ஐந்து வருடமாக எல்லோரும் சொல்லக் கேட்ட வார்த்தை அது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். வெகு நாள் கழித்துப் பார்த்த சந்தோஷத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. நேராக வார்டுக்குப் போனார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் அஞ்சுகத்தின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்கள். தட்டினார்கள். திரும்பிப் படுக்கச் சொன்னார்கள். எழுந்து உட்காரச் சொன்னார்கள். மறுபடி முதலில் இருந்து கேட்டார்கள். சோமசேகரன் சட்டைப்பையிலிருந்து ஊதா மைப் பேனாவை எடுத்து, கல்லூரியில் கற்றுக்கொடுத்தபடியே, இதயத்தின் எல்லையையும் கல்லீரலின் எல்லையையும் அவள் தோலின்மேல் கோடு போட்டுக் காட்டினான். “பிரமாதம்!” என்று ஒருவன் ஆங்கிலத்தில் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அஞ்சுகம் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, “என்னம்மா சொல்றாங்க?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா. நீ நல்லாருக்கன்னு சொல்றாங்க.”

நண்பர்கள் சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போனார்கள். புதன்கிழமை கடலூரிலிருந்து மெஹர் பானுவும் வருவதாக இருந்தது. ஏழு பேரில் மங்கையர்க்கரசிக்கு மிக நெருங்கியவள் அவள்தான். அதனால் ‘புதன் வரை இருக்கட்டும்’ என்று மங்கையர்க்கரசி கேஸ் ஷீட்டில் எழுதி வைத்து, அஞ்சுகத்திடமும் சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதாம் படுக்கை காலியாக இருந்தது. போர்வையை நாலாக மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

“விடியக்காலையிலயே புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சுங்க” என்றாள் வார்டு ஆயா காசியம்மா. “ராத்திரி எல்லாம் ஒரே அழுவ. ‘இத்தினி டாக்டரு வந்து பாத்தா என்னக்கா அர்த்தம்’னு கேட்டுச்சு. எனக்கென்ன தெரியும்? நான் என்னத்தச் சொல்ல?”

மங்கையர்க்கரசிக்கு முதலில் கோபம்தான் வந்தது. மெஹர் பானுவிடம் என்ன சொல்வது? கடலூரிலிருந்து வேலையை விட்டுவிட்டு வருகிறவளுக்குக் காட்ட கேஸ் இல்லையென்றால்? செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும், ஸ்டெத்தாஸ்கோப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கோட்டுச்சேரிமேட்டுக்குக் கிளம்பினாள். நல்ல வார்த்தை சொல்லி ஒரு நாளைக்கு மட்டும் கூட்டி வந்துவிடலாம் என்பதுதான் அவள் எண்ணம்.

தார் ரோடு முடிந்து மணல் பாதை தொடங்கியது. கருவாடு காயும் வாசனை வந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். கீற்று வீடு. வாசலில் அல்லி புதுப்பாவாடை கட்டி, தலை சீவி, பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு பெண் குழந்தையின் துணிகளை மஞ்சள் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அஞ்சுகத்தின் அக்கா குஞ்சம்மா, தரங்கம்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். அஞ்சுகம் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளில் பாதியாக இளைத்தது போல இருந்தாள்.

மங்கையர்க்கரசியைக் கண்டதும் அவள் பதறி எழுந்தாள். “வாங்க டாக்டரம்மா. நீங்க எதுக்குங்க இம்மாந்தூரம்?”

“ஏம்மா சொல்லாமப் போயிட்ட? புதன்கிழமை வரைக்கும் இருக்கச் சொன்னேன்ல?”

“இருந்து என்னங்க ஆவப் போவுது?” அஞ்சுகத்தின் குரலில் கோபம் இல்லை. “புள்ளைக்கு ஒரு வழி பண்ணணும்ல. அதான் அக்காவ வரச்சொல்லி ஆள் அனுப்பிச்சேன். அஞ்சு மணி பஸ்ஸுக்கு அல்லியக் கூட்டிக்கிட்டுப் போயிடும். எங்கிட்ட ஒட்டிக்கிட்டே இருந்தா, அப்புறம் ரொம்ப ஏங்கிப் போயிடும்ல.”

“எதுக்கு அப்புறம்?”

அஞ்சுகம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். “ஒரே ஒரு சேதி மட்டும் சொல்லுங்க, டாக்டரம்மா. மறைக்காதீங்க. இன்னும் எத்தினி நாளு? அவரு மலையாளத்துலேருந்து வர்றதுக்கு மாசி கடைசி ஆயிடும். அதுவரைக்கும் தாங்குமா?”

மங்கையர்க்கரசிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கைப்பையைக் கீழே வைத்தாள்.

“யாரு சொன்னா உனக்கு அப்படி?”

“யாரும் சொல்லலீங்க. அதத்தான் சொல்றேன், யாரும் சொல்லல. மொதல்ல நீங்க வச்சுக் கேட்டீங்க. மொவம் மாறிப்போச்சு. அப்புறம் சாகிப்பு ரெண்டு தடவ படம் புடிச்சாரு. பெரிய டாக்டரு வந்து கேட்டுட்டு ஒண்ணும் பேசாமப் போயிட்டாரு. காய்ச்சல் விட்டும் வூட்டுக்கு அனுப்ப மாட்டேங்குறீங்க. வெளியூருலேருந்து மூணு டாக்டரு வந்து, நெஞ்சுல கோடு போட்டுட்டுப் போறாங்க. எங்க தெருவுல செல்லையனையும் இப்படித்தான் சுத்தி நின்னு பாத்தாங்க, தஞ்சாவூருல. எட்டாம் நாளு தூக்கிட்டு வந்தாங்க.”

பேசிக்கொண்டே முந்தானையை லேசாக விலக்கினாள். கழுத்துக்குக் கீழே அந்த ஊதாக் கோடு அப்படியே இருந்தது.

“குளிக்கவே இல்லியா நீ?” என்றாள் மங்கையர்க்கரசி.

“எடுத்து ஊத்திக்கிட்டேன், கோட்டுல படாம. டாக்டரு போட்டதாச்சே. வியாதி எதுவரைக்கும் வந்துருக்குன்னு அளந்து வச்சிருக்காங்க போல, அழிச்சா என்னாவுமோன்னு...”

மங்கையர்க்கரசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் எதற்காக வந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். இவளை ஒரு நாளைக்குத் திரும்பக் கூட்டிப்போய் மெஹர் பானுவுக்குக் காட்டுவதற்காக. வாசலில் அல்லி பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“அஞ்சுகம், உனக்கு ஒண்ணுமில்ல...”

“அன்னிக்கும் ஒண்ணுமில்லன்னுதாங்க சொன்னீங்க.”

அந்த வார்த்தை அங்கேயே செத்துப்போயிற்று. இனி அதை வைத்து இவளை நம்பவைக்க முடியாது. மங்கையர்க்கரசி சற்று யோசித்தாள். பிறகு பையைத் திறந்து ஸ்டெத்தாஸ்கோப்பை எடுத்தாள்.

“இங்க வாங்க. என் பக்கத்துல உக்காருங்க. இத ரெண்டு காதுலயும் மாட்டிக்குங்க.”

தன்னை ‘நீங்க’ என்று டாக்டரம்மா அழைத்ததை அஞ்சுகம் கவனிக்கவில்லை. பயந்துகொண்டே மாட்டிக்கொண்டாள். மங்கையர்க்கரசி மறுமுனையைத் தன் இடது மார்பின்மேல் வைத்துக்கொண்டாள்.

“கேக்குதா?”

அஞ்சுகத்தின் கண் அகன்றது. “கேக்குதுங்க. டொக்கு டொக்குன்னு.”

“அது என் நெஞ்சு. எல்லாருக்கும் இந்தப் பக்கந்தான் இருக்கும். இப்ப உங்க அக்காவுக்குப் பாருங்க.”

குஞ்சம்மா வெட்கப்பட்டு நெளிந்தாள். அவளுக்கும் இடப்பக்கம்தான். “இப்ப உங்களுக்கு” என்று குழாயை அஞ்சுகத்தின் கையிலேயே கொடுத்தாள். “இடது பக்கம் வையுங்க. சரியாக் கேக்குதா? இல்லல்ல? இப்ப இந்தப் பக்கம், வலது பக்கம் கொண்டாங்க.”

அஞ்சுகம் கொண்டுவந்தாள். அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கேட்டாள்.

“இது... என்னுதா?”

“உங்களுதுதான். அம்மா வயித்துல இருக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு. நெஞ்சு மட்டுமில்ல, உள்ள எல்லாமே பக்கம் மாறி இருக்கு. இது வியாதி இல்ல. இதனால சாவு வராது. இத்தினி வருஷம் கூடை சுமந்தீங்க, புள்ள பெத்தீங்க, ஏதாச்சும் ஆச்சா? வந்தது வெறும் சளி, அது போயிடுச்சு. ரொம்ப அபூர்வமா இருக்குன்னுதான் நாங்க எல்லாரும் ஆசப்பட்டுக் கேட்டோம். வேற ஒண்ணும்...” அந்த வார்த்தையைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். “வேற காரணம் கிடையாது.”

குஞ்சம்மா மஞ்சள் பையைக் கீழே வைத்துவிட்டு, வாயில் கையை வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் எட்டிப் பார்த்தார்கள். “என்னாடி அஞ்சுகம்?” என்றதற்கு அவள் பதில் சொல்லவில்லை. குழாயை வலப்பக்கமும் இடப்பக்கமும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் பயம் போய், சந்தையில் புதுச்சாமான் பார்ப்பவள்போல ஓர் ஆவல் வந்திருந்தது. அல்லியைக் கூப்பிட்டு மடியில் இருத்தி, அவள் நெஞ்சிலும் வைத்துப் பார்த்தாள். “இதுக்கு ஒழுங்காத்தான் இருக்கு” என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

அழுது ஓய்ந்த பிறகு, காதிலிருந்து குழாயைக் கழற்றி மங்கையர்க்கரசியின் மடியில் வைத்தாள். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

“இதச் சொல்ல எம்மா நேரமாச்சு, டாக்டரம்மா? ஒரு வெத்தல போடுற நேரம் ஆச்சா?”

அதோடு அஞ்சுகம் நிறுத்தவில்லை.

“என் நெஞ்சு எந்தப் பக்கம் இருக்குன்னு நாகப்பட்டணத்து டாக்டருக்குத் தெரியுது. எனக்குத் தெரியல. பெத்த புள்ளைய ஊருக்கு அனுப்பப் பாத்தேன், தெரியுங்களா?”

“தெரியுது. தப்பு எம்பேர்லதான். வேற ஒரு விஷயமும் இருக்கு, அதையும் சொல்லணும். உங்களுக்கு என்னிக்காச்சும் வயித்துவலி வந்து எங்கயாச்சும் போனா, எல்லாம் பக்கம் மாறி இருக்குன்னு மொதல்ல டாக்டர்கிட்ட நீங்கதான் சொல்லணும். இல்லன்னா அவங்க ஏமாந்துபோவாங்க. மத்தவங்களுக்குக் குடல்வால் வலி வலது பக்கம் வரும். உங்களுக்கு இடது பக்கம் வரும். நான் அத ஒரு அட்டையில எழுதித் தர்றேன்.”

“அப்ப அதையும் சொல்லாமத்தான் அனுப்பியிருப்பீங்க?”

ஆமாம் என்பதுதான் உண்மை.

அஞ்சு மணி பஸ்ஸில் குஞ்சம்மா மட்டும் போனாள்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸின்போது ஒன்பதாம் படுக்கையில் வேறு ஒருவர் இருந்தார், வயலில் விழுந்து தோள்பட்டை பிசகிய ஒரு விவசாயத் தொழிலாளி. அங்கே நின்று மங்கையர்க்கரசி நடந்ததையெல்லாம் டாக்டர் திருஞானசம்பந்தத்திடம் சொன்னாள். மறைக்கவில்லை, நண்பர்களுக்காக மூன்று நாள் கூடுதலாக வைத்திருந்ததையும் சொன்னாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நானும் கேட்டுட்டுப் பேசாமத்தானேம்மா போனேன்” என்றார். பிறகு படுக்கையில் இருந்தவர் பக்கம் திரும்பி, பழக்கமில்லாத வேலையைத் தொடங்குகிறவர்போலக் கொஞ்சம் தடுமாறி, “உங்களுக்கு எலும்பு முறியலைய்யா. மூட்டு எடம் விட்டுப் போயிருந்துச்சு. சரி பண்ணியாச்சு. மூணு வாரம் தூக்குக் கட்டோட இருங்க” என்றார். அந்த மனிதர் திகைத்துப்போய்க் கும்பிட்டார்.

பதினோரு மணிக்கு மெஹர் பானு வந்து இறங்கினாள். பஸ் தூசியோடு நேராக வார்டுக்குள் நுழைந்து, “எங்கடி உன் வலது இதயம்?” என்று கேட்டாள்.

“அவங்க பேரு அஞ்சுகம்” என்றாள் மங்கையர்க்கரசி. “வீட்டுக்குப் போயிட்டாங்க. அவங்களக் காட்ட எனக்கு உரிமை இல்ல பானு.” உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். மெஹர் பானு டீயைக் குடிக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் முந்தியே வந்திருந்தா, நானும் ஒரு கோடு போட்டுட்டுத்தான் போயிருப்பேன்” என்றாள் கடைசியில்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அஞ்சுகம் வந்துவிட்டாள். மீன் விற்று முடித்த வெறுங்கூடையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, அட்டை வாங்கிப்போக வந்திருந்தாள். ஈரத்தலையை முடிந்திருந்தாள், கழுத்துக்குக் கீழே ஊதாக் கோட்டின் சுவடு இல்லை. மங்கையர்க்கரசி எழுதி வைத்திருந்த அட்டையைத் தமிழில் வரி வரியாகப் படித்துக் காட்டினாள். அஞ்சுகம் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள்.

“இவங்க யாருங்க?” என்று மெஹர் பானுவைப் பார்த்துக் கேட்டாள்.

“என் சிநேகிதி. டாக்டருக்குப் படிச்சவங்க. கடலூருலேருந்து உங்கள பாக்கத்தான் வந்தாங்க. ஆனா நீங்க வேணாம்னா வேணாம். அப்படியே பஸ் ஏறிடுவாங்க.”

மெஹர் பானு எழுந்து நின்றாள். “நான் இதுவரைக்கும் இப்படி ஒரு இதயத்தக் கேட்டதில்லீங்க. நாளைக்கு உங்களமாதிரி இன்னொருத்தர் எங்கிட்ட வந்தா எனக்குத் தெரியணும். உங்களுக்குச் சம்மதம்னா ஒரே ஒரு தடவ கேக்கறேன்.”

அஞ்சுகம் யோசித்தாள். இரண்டு டாக்டர்களும் தன் பதிலுக்காகக் காத்திருப்பது அவளுக்கு விநோதமாக இருந்தது.

“கேளுங்க” என்றாள். “ஆனா உள்ள தனியா வச்சு, கதவச் சாத்திக்கிட்டுக் கேளுங்க. கேட்டதும் என்னா கேட்டுச்சுன்னு எங்கிட்டத்தான் மொதல்ல சொல்லணும்.”

அப்படியே நடந்தது. குழாயை எங்கே வைக்க வேண்டும் என்று அஞ்சுகமே கை காட்டினாள். மெஹர் பானு கேட்டதைக் கேட்டபடி தமிழில் சொன்னாள். “அவ்வளவுதானுங்களே?” என்று கேட்டுவிட்டு, அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு அஞ்சுகம் போனாள்.

வரிசையில் நின்றிருந்த ஒருவர் ஆவல் தாங்காமல், “அந்தம்மாவுக்கு என்னங்க வியாதி, கதவெல்லாம் சாத்திப் பாத்தீங்க?” என்று மங்கையர்க்கரசியிடம் கேட்டார்.

“அது அவங்க உடம்புங்க. அவங்ககிட்ட சொல்லியாச்சு” என்றாள் அவள். “ஊருக்குச் சொல்றதுக்கு எங்களுக்கு உரிமை கிடையாது. அவங்ககிட்ட சொல்லாம இருக்கவும் எங்களுக்கு உரிமை கிடையாது. ஒருத்தர் உடம்பப் பத்தித் தெரிஞ்சுக்க டாக்டருக்கு எவ்வளவு ஆசை இருக்கோ, அதவிட அதிகமா அந்த உடம்புக்காரருக்கு இருக்கும். இத எங்களுக்குக் காலேஜுல யாரும் சொல்லித் தரல. நீங்க உக்காருங்க, உங்களுக்கு என்ன பண்ணுது?”

அவர் உட்கார்ந்து வாயைத் திறந்தார். பார்த்து முடித்ததும் மங்கையர்க்கரசி அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, தான் பார்த்தது என்ன என்று சொல்லத் தொடங்கினாள்.